வன்தட்டும் பொருத்தமும்

தமிழர் இல்லங்களிலே திருமணம் பேசும்போது முதலிற் பொருத்தம் பார்ப்பர். குணமும் கல்வியும் எத்துணைச் சிறந்தனவாயினும், பொருத்தம் இல்லையெனிற் பேச்சு அவ்வளவில் நின்றுவிடும். சாதகப் பொருத்தத்திற் சிலர்க்கு நம்பிக்கை உண்டு, சிலர்க்கு இல்லை. ஆனால், இயந்திரங்களைப் பொறுத்தவரையிற் பொருத்தம் பார்த்தல் நம்பிக்கையைச் சார்ந்ததன்று. அளவையும் கணக்கையும் சார்ந்தது. இல்லத்திலுள்ள கணினிக்குப் புதிதாக ஒரு வன்தட்டு வாங்க முற்படுவோர் இவ்வுண்மையை மறந்துவிடுவதனாலேயே பணத்தையும், சிற்சில வேளைகளிற் பணத்தினும் அரிய செல்வத்தையும் இழக்கின்றனர்.

எடுத்துக்காட்டாக ஓர் ஆசிரியரின் இல்லத்தை மனத்திற் கொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பிற்காகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினி ஒன்று அங்கே உளது. மூத்த மகளின் திருமணப் படங்கள், மறைந்த பாட்டனாரின் குரற்பதிவு, இளைய மகனின் உயர்தர வகுப்புக் குறிப்புகள், ஆசிரியர் ஆண்டுதோறும் ஆக்கிய வினாத்தாள்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கியுள்ளன. ஒரு நாட்காலை அக்கணினியினுள்ளே, முன்பு கேட்டறியாத 'டிக், டிக்' என்றோர் ஒலி எழுகின்றது. வன்தட்டு நோயுற்றது என்பதை அறிந்த ஆசிரியர் மறுநாளே கடைக்குச் செல்கின்றார். "இவற்றுள் மிகச் சிறந்தது எது?" என வினவுகின்றார். கடைக்காரரும் வினவியதற்கு நேர்மையான விடையையே தருகின்றார். விரலளவினதாகிய மெல்லியதொரு பலகை அவர் கைக்கு வருகின்றது. சம்பளத்தின் பெரும்பகுதி கடைக்குப் போகின்றது. வீடு வந்து கணினியைத் திறந்து பார்த்தால், அப்பலகையைச் செருகுவதற்கு அங்கே இடமே இல்லை!

பொருளிலே குற்றமில்லை, விற்றவரிலும் குற்றமில்லை, வினாவே குற்றமுடையது. "எது சிறந்தது?" என்பதன்று, "எது இதற்குப் பொருந்தும்?" என்பதே கேட்க வேண்டிய வினா. அவ்வினாவிற்கு விடை கடையில் இல்லை. வீட்டிலே, கணினியின் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றது.

வன்தட்டு என்பது கணினியின் பண்டகசாலை. மின்னை நிறுத்திய பின்னரும் எழுதியதை மறவாது வைத்திருப்பது அதுவே. 1956 ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவில் இத்தகைய பண்டகசாலையை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டிருந்த அது ஒரு தொன்னுக்கும் அதிகமான நிறையுடையது. ஆயினும், அதனாற் கொள்ள முடிந்தவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் 1 டெராபைற்று வன்தட்டு அதைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு கொள்ளும். அளவு இவ்வாறு மாறினும் அடிப்படை மாறவில்லை. காந்தப்பூச்சுடைய தட்டுச் சுழல்கின்றது. அதன்மீது, தலைமயிரின் தடிப்பினும் பல்லாயிரம் மடங்கு குறைந்த இடைவெளியிலே, எழுதும் தலை மிதந்து செல்கின்றது. இவ்விடைவெளியின் நுண்மையை எண்ணிப் பார்ப்போர்க்கு, வன்தட்டு ஓடும்போது கணினியைத் தட்டுவதும் அசைப்பதும் ஏன் தீங்கு என்பது விளங்கும். இக்காலத்திலே சுழலும் உறுப்பு யாதுமின்றி, மின்னணுச் சில்லுகளிலேயே எழுதிவைக்கும் வேறொரு வகையும் பெருவழக்காய் உளது. அதனைக் கடைகளில் எஸ்.எஸ்.டி. என்பர். அது விரைவுமிக்கது, ஓசையற்றது, விலையோ கொள்ளளவிற்கு ஏற்பக் கூடியது.

இனிப் பார்க்கவேண்டிய பொருத்தங்கள் ஐந்து.

முதலாவது இடப்பொருத்தம். மேசைக் கணினியில் இடம்பெறும் சுழலும் வன்தட்டு 3.5 அங்குல அளவினது, மடிக்கணினிக்குரியது 2.5 அங்குல அளவினது. இவ்வளவுகளைப் பெட்டியின் மீதும் தட்டின் மீதும் காணலாம். மடிக்கணினியாயின் தடிப்பையும் அளத்தல் வேண்டும். 9.5 மில்லிமீற்றர் தடிப்புடைய தட்டு, 7 மில்லிமீற்றருக்கென அமைந்த இடத்திலே நுழையாது. சிறியதைப் பெரிய இடத்தில் வைப்பதற்கு மலிவான தாங்கி கிடைக்கும். பெரியதைச் சிறிய இடத்திற் புகுத்துவதற்கு வழியில்லை. ஆசிரியர் வாங்கிய விரலளவான பலகை எம்.2 என்னும் வகையைச் சார்ந்தது. அதன்மேற் பொறித்திருக்கும் 2280 என்ற எண், அகலம் 22 மில்லிமீற்றர், நீளம் 80 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். தாய்ப்பலகையிலே அதற்கெனத் துவாரமும் அந்நீளத்திற்கு இடமும் இருந்தாலன்றி அதனை வாங்குவதாற் பயனில்லை.

இரண்டாவது இணைப்புப் பொருத்தம். இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட கணினிகளிலே ஐ.டி.ஈ. என்னும் முறை வழங்கியது. நாடாவைப் போன்ற அகன்ற கம்பியும் 40 முனைகளுக்குரிய செருகியும் அதன் அடையாளங்கள். 2003 ஆம் ஆண்டளவிலே சாட்டா என்னும் முறை சந்தைக்கு வந்தது. அதன் கம்பி ஒடுக்கமானது. தரவிற்கு 7 முனைகளும் மின்வலுவிற்கு 15 முனைகளும் உடையது. சாட்டா முறையில் மூன்று தலைமுறைகள் உள. எனினும் மூத்ததும் இளையதும் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணங்கி நடக்கும். விரைவு மட்டும் இரண்டிலும் குறைந்ததற்கு இறங்கிவிடும். எம்.2 பலகைகளிலோ மயக்கத்திற்கு இடமுண்டு. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரு பலகைகளுள் ஒன்று சாட்டா மொழியிற் பேசும், மற்றது என்.வி.எம்.ஈ. என்னும் மொழியிற் பேசும். ஒன்றை மட்டும் அறிந்த துவாரத்தில் மற்றதைச் செருகினாற் கணினி அதனைக் காணவே மாட்டாது. துணைப்பலகை கொண்டு பழைய கணினியிலே என்.வி.எம்.ஈ. பலகையைப் பூட்டலாமாயினும், அத்தகைய கணினிகள் பலவற்றுக்கு அதிலிருந்து தொடங்கி இயங்கத் தெரியாது. ஆதலின், தாய்ப்பலகையின் பெயரையும் எண்ணையும் எழுதிவைத்து, அதன் கைந்நூலைப் பார்த்துத் தெளிதல் நன்று.

மூன்றாவது வலுப் பொருத்தம். 3.5 அங்குலத் தட்டிற்கு 12 வோல்ற்று, 5 வோல்ற்று ஆகிய இரண்டும் வேண்டும், 2.5 அங்குலத் தட்டிற்கு 5 வோல்ற்று மட்டும் போதும். இதனாலேயே, வெளியே வைத்துப் பயன்படுத்தும் சிறிய தட்டு யூ.எஸ்.பி. கம்பி ஒன்றினாலேயே இயங்க, பெரிய தட்டோ தனக்கெனத் தனியானதொரு மின்வழங்கியை வேண்டி நிற்கின்றது. இரண்டாவது தட்டு ஒன்றைக் கூடுதலாகப் பூட்ட விரும்புவோர், கணினியின் மின்வழங்கியிலே வெறுமையாயுள்ள சாட்டா வலுச் செருகி இன்னுமொன்று உண்டா என்பதை முன்னரே பார்த்தல் வேண்டும். சிறிய விடயமே, ஆயினும் இதற்காகவே கடைக்கு இருமுறை நடந்தவர் பலர்.

நான்காவது கணக்குப் பொருத்தம். வன்தட்டின் இடம் முழுவதும் சிறுசிறு அறைகளாகப் பகுக்கப்பட்டு ஒவ்வோர் அறைக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டுள்ளது. அவ்விலக்கத்தை எழுதுவதற்குக் கணினி ஒதுக்கியுள்ள கட்டங்கள் போதாவிடின், அப்பாலுள்ள அறைகள் இருந்தும் இல்லாதனவே. பழைய ஐ.டி.ஈ. முறையிலே 28 கட்டங்களே இருந்தன. ஆகவே 137 கிகாபைற்றிற்கு மேற்பட்ட பகுதி அதற்கு எட்டாது. எம்.பி.ஆர். எனப்படும் பழைய பகுப்பு அட்டவணையில் 32 கட்டங்கள் உள. அதன் எல்லை ஏறத்தாழ 2.2 டெராபைற்று. அதனினும் பெரிய தட்டை முழுதும் பயன்படுத்துவதற்கு ஜீ.பி.ரீ. என்னும் புதிய அட்டவணை வேண்டும். அத்தட்டிலிருந்தே விண்டோஸ் தொடங்க வேண்டுமாயின், கணினியின் தொடக்கநிரலும் யூ.ஈ.எவ்.ஐ. என்னும் புதிய வகையினதாய் இருத்தல் வேண்டும். எனவே, பழைய கணினிக்கு 4 டெராபைற்றுத் தட்டு வாங்குதல், சிறு வாயிலையுடைய வீட்டிற்குப் பெரிய கட்டில் வாங்குதலை ஒக்கும். மற்றுமொரு செய்தியும் இங்கே கூறத்தக்கது. 1 டெராபைற்று என விற்கப்பட்ட தட்டு, கணினியிலே 931 கிகாபைற்று எனக் காட்டும். இதனை வஞ்சகம் எனக் கருதுவோர் உளர். உண்மையில், உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகின்றது. பொருள் ஒன்றே, படிதான் வேறு.

ஐந்தாவது பயன்பொருத்தம். கணினி மெல்லத் தொடங்குகின்றது என்பதே குறையாயின், 2.5 அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று பழைய கணினிக்கும் புத்துயிர் அளிக்கும். படங்களையும் ஒளிப்பதிவுகளையும் பெருந்தொகையாகச் சேமிப்பதே நோக்கமாயின், சுழலும் வன்தட்டு சிக்கனமானது. நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது வெப்பமும் ஓசையும் குறைந்தது. 7200 முறை சுழல்வது விரைவு கூடியது. சுழலும் தட்டுகளிலே, ஓடு வேய்ந்தாற்போல ஒரு தடத்தின்மேல் மறுதடம் சிறிது படியுமாறு எழுதும் வகையொன்றும் உளது. எஸ்.எம்.ஆர். என்பது அதன் பெயர். கூரையிலே ஓர் ஓட்டை மாற்றுவதற்கு அயலோடுகளையும் அசைக்க வேண்டியிருத்தல் போல, அதில் ஒன்றைத் திருத்தி எழுதுவதற்கு அடுத்துள்ளவற்றையும் எழுத நேரிடும். எழுதி வைத்துவிட்டு எப்போதாவது பார்ப்பதற்கு அது போதும். நாள்தோறும் எழுதி அழிப்பதற்கு ஏற்றதன்று. சில உற்பத்தியாளர் இவ்வகையை வெளிப்படக் கூறாது விற்றமை 2020 ஆம் ஆண்டிலே தெரியவந்து, வாங்கியோரின் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஆதலால் தட்டின் விவரப் பத்திரத்தை வாசித்தே வாங்குதல் வேண்டும்.

இவ்வைந்தையும் ஆராய்வதற்கு வேண்டுவன ஓர் அடிமட்டமும், ஒரு தாளும், அரைமணி நேரப் பொறுமையுமே. கணினியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கியபின், பழைய தட்டின் மேலுள்ள எண்ணையும் அளவையும் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வோர் ஏமாறுவது அரிது.

ஆயினும், இவையெல்லாவற்றிற்கும் முன்னர்ச் செய்ய வேண்டியதொன்று உண்டு. பழைய தட்டு புதிய ஒலி எழுப்புமாயின், அதனை மேலும் ஓடவிடுதல் ஆகாது. நோயாளியை ஓட்டப்பந்தயத்திற்கு அனுப்புவாரும் உளரோ! மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தலும், பிழைதிருத்தும் நிரல்களை ஏவுதலும், எஞ்சியுள்ள உயிரையும் வாங்கிவிடும். உடனே நிறுத்தி, பெயர்த்தெழுதுவதற்கு வேறொரு தட்டை ஆயத்தம் செய்தபின்னரே, திரும்பக் கிடைக்காதவற்றை முதலிற் பெயர்த்தல் வேண்டும். உள்ளே இருப்பது மிக அரியதாயின், தாமாக முயலாது, தரவு மீட்பிற் பயின்றோரிடம் ஒப்படைத்தலே தக்கது.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தார். கறையானும் காலமும் ஏடுகளைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. ஏடு முற்றும் சிதையும்வரை காத்திருந்து, பின்னர் நல்லதோர் அச்சியந்திரம் எதுவென ஆராய்ந்திருந்தால், அச்சிடுவதற்கு நூல் எஞ்சியிராது. ஏட்டிற்கு உண்மையாயது வன்தட்டிற்கும் உண்மையே. ஒரே படியாக இருப்பது எதுவும் பாதி இழந்ததற்குச் சமம்.

மேலே கூறிய ஆசிரியரின் கதைக்கு வருவோம். அவருடைய மருமகன் கணினிப் பயிற்சியுடையவர். கணினியை உடனே நிறுத்தச் செய்து, அளவுகளைக் குறித்து, 2.5 அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றும், அதனைத் தாங்கும் சட்டமும், படியெடுத்து வைப்பதற்கு வெளித்தட்டு ஒன்றும் வாங்குவித்தார். பின்னர், "மாமா, முதலில் எதை எடுப்பது?" என்று கேட்டார். ஆசிரியர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். "ஐயாவின் குரலை எடு, தம்பி" என்றார். குரற்பதிவு வந்தது, திருமணப் படங்கள் வந்தன, மகனின் குறிப்புகளும் வந்தன. வினாத்தாள்கள் பாதி பெயர்ந்த நிலையிலே பழைய தட்டு அடியோடு ஓய்ந்துவிட்டது. வினாத்தாள்களை மீண்டும் எழுதலாம். பாட்டனார் மீண்டும் பேசமாட்டார்.

பொருந்தாத தட்டை வாங்கியதனால் நேர்ந்த நட்டம் பணத்தளவில் நின்றது. படியெடுக்காது பல்லாண்டு இருந்ததனால் நேரவிருந்த நட்டமோ அளவிடற்கரியது. புதிய வன்தட்டு வாங்குவோர் இரண்டையும் நினைவிற் கொள்வாராக: வாங்குமுன் அளத்தல், வாங்கியபின் இரண்டாவது படி ஒன்றை வேறிடத்தில் வைத்தல். தட்டு எத்துணைப் பொருத்தமானதாயினும் ஒருநாள் ஓயும். அந்நாளிலே இல்லத்தார் கலங்காதிருத்தற்கு வழி, அதற்கு முன்னரே செய்து முடித்த படியெடுப்பே ஆகும்.