ஊருக்கு உழைப்போரின் உடல் நலம்

(முள்ளுக்குறிச்சியில் மகளிர் குழுத் தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொல்லிமலையிலிருந்து இறங்கி வருவோரும் சமவெளியில் வாழ்வோரும் ஒன்றுகூடும் இடம் இம்முள்ளுக்குறிச்சி. சேமிப்பைப் பற்றியும், கடனைப் பற்றியும், சிறுதானிய விற்பனையைப் பற்றியும் உங்களிடம் பேச வருவோர் பலர் உளர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றையெல்லாம் நடத்திச் செல்லும் ஒருவரைப் பற்றியது. குழுத் தலைவியின் உடல் நலமே அது.

1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, ஊர் நலனுக்காகத் தொழில் நடத்தும் பெண்கள் நம் நாட்டில் பெருகியிருக்கின்றனர். இவர்களது நாள் எவ்வாறு கழிகிறது? விடியுமுன் எழுந்து வீட்டு வேலை, ஒரு குவளைத் தேநீருடன் புறப்பாடு, வங்கியில் காத்திருத்தல், சரக்கு எடை போடுதல், பிற்பகல் மூன்று மணிக்கு முதல் உணவு, இரவில் கணக்குப் புத்தகம். எல்லோரும் உண்ட பின் எஞ்சியதை உண்பது குடும்பத்தில் பழகிய வழக்கம். குழுவிலும் அதே வழக்கம் தொடர்கிறது. இதனைத் தியாகம் என்று பாராட்டுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. வியாபாரியின் முகவரி தலைவிக்கு மட்டுமே தெரியும். வங்கியில் கையெழுத்திடுபவரும் அவரே. அவர் பத்து நாள் படுத்துவிட்டால் மூட்டைகள் கட்டிய இடத்திலேயே கிடக்கும், தவணை தவறும். இருபது குடும்பங்களின் வருவாய் ஒருவருடைய உடலை நம்பி நிற்கிறது.

2019-21-இல் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதும், மாலையில் தலை சுற்றுவதும், எப்போதும் களைப்பாயிருப்பதும் வயதினாலோ வேலைப் பளுவினாலோ வருவன என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பலருக்கு அவை இரத்தக் குறைவின் அறிகுறிகளே.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேழ்வரகும் சாமையும் தினையும் இம்மலையின் பழைய செல்வங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; தீட்டிய அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. ஆயினும் மலையில் மரவள்ளி பரவியபின் சாமை விளைந்த நிலம் சுருங்கிற்று. வீட்டுப் பானையில் அரிசிச் சோறே நிறைந்தது. இப்போது சாமைக்கு நகரத்தில் மதிப்பு வந்துள்ளது. அதை உமி நீக்கிப் பையிலிட்டு நகரத்தாருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியவர் வெறுஞ்சோறும் ஊறுகாயும் உண்பது நல்ல வியாபாரமன்று. மூட்டை கட்டுமுன் வீட்டிற்கு ஒரு படி அளந்து வைப்பதைக் குழுவின் விதியாகவே கொள்ளலாம்.

காலையில் வெறும் வயிற்றுடன் புறப்படாமல் ஒரு செம்பு கேழ்வரகுக் கூழ் அருந்திச் செல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் கூழ் மட்டுமே இரத்தத்தை விருத்தி செய்துவிடும் என்று சொல்வதற்கில்லை. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. கொய்யா, நெல்லி, எலுமிச்சை இவற்றில் ஒன்றை உணவோடு சேர்த்தால் அது கூடுதலாகச் சேரும். உண்டவுடன் தேநீர் பருகினால் குறையும். ஒரு மணி நேரம் கழித்துப் பருகலாம். இரத்தசோகை என்று மருத்துவர் கண்டுவிட்டால் அவர் தரும் மாத்திரையை உண்டே ஆகவேண்டும். உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருத்தல் நலம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இக்கணக்கில் சேர்ந்தவையே.

உழைப்பைப் பற்றியும் ஒரு சொல். முன்பு சாமையை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்குவதற்குள் பெண்களின் தோளும் இடுப்பும் ஓய்ந்துபோகும். சாமை வீடுகளில் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டபோது, உமி நீக்கும் பொறிகளை மகளிர் குழுக்களிடம் ஒப்புவித்தது. உடல் கருவிக்கு அடிமையாயிருந்த நிலை மாறி, கருவி உடலுக்குத் துணையாயிற்று.

இதே பாடத்தை வேறொரு தொழிலில் கற்பித்தவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-இல் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த அவரை இளவயதிலேயே கடுமையான முடக்குவாதம் பற்றியது, விரல்கள் கோணிவிட்டன. அவ்விரல்களுக்கு இசையுமாறு கருவிகளை அமைத்துக்கொண்டு கண் அறுவை மருத்துவம் பயின்றார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 58-ஆம் வயதில், 1976-இல், பதினொரு படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வற்ற அப்பணியிலும் நாள்தோறும் தியானத்திற்கு நேரம் ஒதுக்கினார். நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. கண் பரிசோதனையையும், அறுவைக்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய பணிகளையும் பயிற்சி பெற்ற கிராமத்து இளம்பெண்கள் ஏற்றனர்; மருத்துவருக்கே உரிய வேலை மட்டும் மருத்துவரிடம் நின்றது. 2006-இல் அவர் மறைந்தபின்னும் பணி நிற்கவில்லை.

ஆதலின், தலைவியரே, கணக்கெழுத ஒருவரையும் சந்தைக்குச் செல்ல ஒருவரையும் இம்மாதமே பழக்குங்கள். அதன்பின்னரே நேரத்தில் உண்பதும் உறங்குவதும் கைகூடும். காந்தியடிகள் திங்கட்கிழமைகளில் மௌன விரதம் காத்தார். நாடே அவரை நாடி நின்ற காலத்திலும் அந்நாளை விட்டுக்கொடுக்கவில்லை. நமக்கு ஒரு நாள் வேண்டாம். இரவு எட்டு மணிக்குப் பின் கைப்பேசியில் குழுச் செய்திகளைப் பார்ப்பதில்லை என்று தீர்மானம் எழுதினால் போதும்.

நடைப்பயிற்சியை மலையில் ஏறி இறங்குவோருக்கு நாம் போதிப்பது நகைப்புக்கிடமாகும். ஆனால் இருசக்கர வண்டி வாங்கியபின் நடையை மறந்தவர்கள் இங்கும் சிலர் உளர் போலும்! அவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமாவது விரைந்து நடப்பாராக.

இரத்த அழுத்தம் வலி தருவதில்லை. ஆதலால் அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகள் வீடு தேடி வருகின்றன. பரிசோதிக்க வரும் ஊழியரிடம் மாமியாரையும் அண்டை வீட்டாரையும் காட்டிவிட்டு, வேலையிருக்கிறதென்று தலைவி நழுவிவிடுவது வழக்கம். இன்று அதற்கு இடமில்லை. செவிலியர் சகோதரி கருவியுடன் அந்த மரத்தடியில் அமர்ந்திருக்கிறார். பிற உறுப்பினர் சற்றே பொறுத்திருங்கள். முதலில் தலைவியர் செல்லட்டும்.