உள்ளே கொஞ்சம் ஈரம்

(அடி அண்ணாமலையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: வாழ்க்கைக்குச் சுவை தருவது வசதியா? வியப்பும் சிரிப்புமா? இரண்டாவது அணியில் பேசியது.)

தமிழால் எங்களைக் கட்டிப் போட்டிருக்கும் நடுவர் அவர்களே! எதிரணியில் வசதியாக அமர்ந்திருக்கும் நண்பர்களே! மலையைச் சுற்றி வந்த களைப்போடும், எங்களைக் கேட்க வந்த துணிச்சலோடும் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

நானும் சாயங்காலம் கொஞ்ச தூரம் நடந்தேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கால் வலி தாங்காமல் ஒரு டீக்கடையில் நின்று, "ஐயா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "சுத்தி வர்றவங்களுக்குத் தூரம் ஏது சார்? எவ்வளவு நடந்தாலும் கிளம்பின இடத்துக்குத்தான் போகப் போறீங்க!" (சிரிப்பு)

நான் முனைவர் பட்டம் வாங்கியவன். அவர் பட்டம் வாங்காமலே தத்துவம் சொல்லிவிட்டார். என் கால் வலி குறையவில்லை, ஆனால் மறந்து போச்சு. நடுவர் அவர்களே, வலியை மறக்க வைத்தது டீயா, அந்தப் பேச்சா? டீக்குக் காசு கொடுத்தேன். பேச்சு இலவசம்!

இந்த ஊருக்கு இது புதுசா? மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த மலையடியில்தான் என்பது மரபு. அவருக்கு இங்கே அடி அண்ணாமலையிலேயே கோயில் இருக்கிறது. அது பக்திப் பாட்டுத்தான். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். மார்கழிக் குளிரில் தோழியை எழுப்ப வருகிறார்கள். அவள் படுக்கையை விட்டு எழாமலே, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்கிறாள். இவர்கள் சும்மா விடுவார்களா? நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், நீயே எழுந்து வந்து எண்ணிப் பார், ஆள் குறைந்தால் திரும்பப் போய்த் தூங்கு என்கிறார்கள்! (கைதட்டல்) சாமி கும்பிடப் போகும்போதே கிண்டல். நம்ம வீட்டுப் பிள்ளைகள் பேசுகிற மாதிரியே இல்லையா?

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "மிக்சி வந்தது, கிரைண்டர் வந்தது, போனில் சொன்னால் சாப்பாடு வாசலுக்கு வந்தது" என்று அடுக்கினார்கள். உண்மைதான் அம்மா. சாப்பாடு அரை மணியில் வந்துவிடுகிறது. சாப்பிடுகிற நாலு பேரும் நாலு செல்போனைப் பார்க்கிறார்களே! "ரசம் எப்படி?" என்று கேட்டால், "இது ரசமா?" என்று பையன் கேட்கிறான்!

அந்தக் காலத்தில் சாப்பாடு தாமதமானால் என்ன ஆகும்? இலக்கியம் ஆகும்! காளமேகப் புலவர் நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்துக்குப் பசியோடு போனார். சோறு வரவில்லை. பாடிவிட்டார். பொழுது சாயும்போது அரிசி வருமாம். அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊரே அடங்கிவிடுமாம். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுமாம்! சத்திரக்காரர் மனம் நொந்து போனார். புலவர் அதே பாட்டை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினார் என்று கதை. பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும். ஊரின் பசி அடங்கும். இலையில் விழுகிற சோற்றின் வெண்மையைப் பார்த்து வெள்ளி வெட்கப்படும்! பாட்டு ஒன்று, திட்டும் அதுவே, பாராட்டும் அதுவே. பசித்த வயிற்றிலிருந்து இவ்வளவு தமிழ் வந்திருக்கிறது. அன்றைக்குச் சாப்பாடு நேரத்துக்கு வந்திருந்தால் நமக்கு அந்தப் பாட்டு கிடைத்திருக்குமா? (கைதட்டல்)

இனி என் வீட்டுக் கதை. சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

என் அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடு வந்து இருந்தார். தனி அறை, கட்டில், மின்விசிறி, நேரத்துக்கு மருந்து. ஒரு வசதிக்கும் குறைவில்லை. ஆனால் மனிதர் பேசவில்லை. தட்டின் முன்னால் உட்காருவார், இரண்டு வாய் பிசைவார், எழுந்து போய்விடுவார். என் துணைவியார் விதம் விதமாகச் சமைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா" என்பார். சாப்பிட மாட்டார். நாலு மாதம் இப்படி. தமிழ் பேசிச் சம்பாதிக்கிற எனக்கு, பெற்ற தகப்பனைப் பேச வைக்க ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "தாத்தா, அப்பளம் எண்ணெயில போட்டா ஏன் பெரிசாகுது?"

அப்பா யோசித்தார். "தெரியலையேம்மா" என்றார். தெரியாது என்று சொன்னவர் எழுந்தார். நேராக அடுப்படிக்குப் போனார். ஒரு அப்பளத்தை அப்படியே பொரித்தார். ஒன்றை வெயிலில் சுக்காகக் காயப் போட்டுப் பொரித்தார். பேத்தி பக்கத்தில் நின்று அளவுகோலால் அளக்கிறாள்! என் துணைவி எண்ணெய் போகிறதே என்று பார்க்கிறாள்! கடைசியில் பேத்தி பாடப் புத்தகத்தைப் புரட்டி, ஆசிரியரைக் கேட்டு விடை கொண்டுவந்தாள். மாவுக்குள்ளே மிச்சமிருக்கிற கொஞ்சம் ஈரம் சூட்டில் ஆவியாகி, மாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. அதனால்தான் அப்பளம் உப்புகிறது.

ஆனால் விடை வருவதற்கு முன்னாலேயே, அன்று அடுப்படியில் அப்பா சொன்னார்: "உங்க பாட்டிக்குக் கோபம் வந்தா மூஞ்சி இப்படித்தான் உப்பும்!" சொல்லிவிட்டுச் சிரித்தார். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதார். அழுது முடித்து, "பசிக்குதும்மா" என்றார். (நீண்ட கைதட்டல்)

நாங்கள் கொடுத்த வசதி செய்யாததை ஓர் அப்பளக் கேள்வி செய்தது, நடுவர் அவர்களே.

அப்பளத்துக்கு இந்த ஊரில் இன்னொரு பெருமை உண்டு. 1896-இல் 16 வயதில் இந்த மலையைத் தேடி வந்தவர் ரமணர். பின்னால் தாயார் அழகம்மாள், அப்பளம் இட உதவிக்கு வரும்படி மகனைக் கூப்பிட்டார்கள். நம்ம பிள்ளையாக இருந்தால் "வேலை இருக்கும்மா" என்று நழுவும். இவர் அம்மாவுக்கு ஒரு பாட்டே எழுதிக் கொடுத்தார்: அப்பளப் பாட்டு! அதில் உளுந்துதான் 'நான்' என்கிற அகந்தை. அதை உடைக்கிற திரிகை 'நான் யார்' என்கிற விசாரம். பிரண்டைச் சாறு நல்லோர் சேர்க்கை. பெருங்காயம் நல்ல வாசனை. மனசின் வாசனை, மூக்கின் வாசனை, இரண்டும் ஒரே சொல்! பெரிய தத்துவத்தை அம்மாவின் சமையல் பாஷையிலேயே சொன்னார். துறவி வீட்டு அடுப்படியிலும் வியப்பும் விளையாட்டும் இருந்திருக்கிறது. நம்ம வீட்டில் ஏன் இருக்கக் கூடாது?

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். முடித்துவிடுகிறேன்.

வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிக்சியை விற்றுவிட்டு அம்மிக்குப் போங்கள் என்று சொன்னால் தாய்மார்கள் என்னை இந்த ஊரை விட்டு வெளியே விட மாட்டீர்கள்! (சிரிப்பு) நான் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது, ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் வாய் திறந்தால் போதும்.

எண்ணெய், வாணலி, அடுப்பு எல்லாம் வசதி. அவை எவ்வளவு இருந்தாலும், உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அப்பளம் பொரியும். மனுஷனும் அப்படித்தான். அந்த ஈரம்தான் வியப்பு, அந்த ஈரம்தான் சிரிப்பு என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!