டிராக்டர் ரேடியேட்டருக்குக் கிணற்று நீர் ஆகுமா?

(சங்கரன்கோவில் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



ஐப்பசி மழை விழுந்து கரிசல் நிலம் பதத்துக்கு வந்துவிட்டால் நம் பக்கத்தில் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. அந்தச் சில நாட்களில் வண்டி படுத்துவிட்டால், பழுது பார்க்கும் செலவைவிட விதைப்பு தப்பிப்போவதுதான் பெரிய நட்டம். ஆகவே மழைக்கு முன்பே ரேடியேட்டரைக் கவனியுங்கள்.

"ஆயில் என்ஜினுக்கு அந்தக் காலத்திலிருந்தே கிணற்று நீர்தானே ஓடுகிறது, டிராக்டருக்கு மட்டும் ஏன் ஆகாது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பம்புசெட் ஆயில் என்ஜினில் கிணற்று நீர் ஒரு பக்கம் நுழைந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, மறு பக்கம் வெளியே போய்விடுகிறது. டிராக்டரிலோ அதே நீர்தான் நாள் முழுவதும் சுற்றி வருகிறது. அதில் ஆவியாகிப் போவது நீர் மட்டுமே; உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மறுபடி கிணற்று நீர் ஊற்றினால் மறுபடி உப்பு சேரும். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுதான். அங்கே உப்பு வேண்டும், இங்கே வேண்டாம்.

வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கடின நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, சூடேறும்போது அப்படிப் படிகிறது. இந்தப் படிவு இரும்பைப் போல வெப்பத்தைக் கடத்தாது. என்ஜினின் சூடு நீருக்கு வராமல் நின்றுவிடும். ரேடியேட்டரின் சிறு குழாய்களும் அடைபடும். பிறகு கேஸ்கட் போகும், ஹெட் வளையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

"கூலன்ட் என்பது பனி உறையும் நாட்டுக்கு அல்லவா?" என்பாரும் உண்டு. அங்கே நீர் உறைந்து விரிந்து என்ஜினையே பிளந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியது அதன் மற்ற இரண்டு குணங்கள். அதிலுள்ள மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். கூலன்டும் நீரும் சரிபாதி கலந்தால் ஏறத்தாழ 107 டிகிரி வரை தாங்கும். இறுக்கமான மூடி அதை இன்னும் உயர்த்தும்.

10 லிட்டர் பிடிக்கும் ரேடியேட்டர் என்றால் 5 லிட்டர் கூலன்ட், 5 லிட்டர் பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர். (பாட்டரி ஆசிட்டை எடுத்துவிடாதீர்கள்!) முன்பே கலந்து விற்பதும் உண்டு, அதற்கு நீர் சேர்க்கக்கூடாது. டப்பாவில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். பழைய நீரை வடித்து, உட்புறம் அலசிய பிறகே புதியதை ஊற்ற வேண்டும். வயலில் அவசரத்துக்குக் கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால் ஊற்றுங்கள். வறண்டு ஓடுவதைவிட அது மேல். வேலை முடிந்ததும் வடித்துவிடுங்கள். காற்றால் குளிரும் ஐச்சர் மாதிரிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் சிலிண்டர் தகடுகளைத் தூசியின்றி வைத்துக்கொண்டால் போதும்.

தினமும் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அளவைப் பாருங்கள். ரேடியேட்டர் முன்னால் அடைந்துள்ள தூசி துரும்பையும், ஃபேன் பெல்ட்டையும் கவனியுங்கள். சூடாகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்களே, அது எனக்கு உடன்பாடில்லை. என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைத்தான் குடிக்கும்.

வண்டி கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஆவி சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த துணி போட்டு, மூடியை முதல் படி மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பின் கழற்றுங்கள். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும்.

வடித்த பழைய கூலன்டை வாய்க்காலிலோ தொழுவத்தின் பக்கமோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த கூலன்ட் இனிக்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. மாடோ நாயோ நக்கினால் பிழைப்பது கடினம். குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.