வேதம் மாறிற்று, பந்தி மாறவில்லை

(தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமக் கூட்டத்தில் பேசியது)



நாங்கள் புராணத்தையும் பார்ப்பனரையும் பற்றியே பேசுகிறோம் என்றும், கிறிஸ்தவ மதம் என்றால் எங்கள் வாய் கட்டிப்போகிறது என்றும் சிலர் குற்றம் சொல்லுகிறார்கள். ஆகவே இன்று அதையே எடுத்துக்கொள்ளுகிறேன். கிறிஸ்தவத் தோழர்கள் பலர் இங்கு வந்திருக்கிறீர்கள். உங்களை வைவதற்காக நான் வரவில்லை. சுவிசேஷம் பிரசங்கிக்கிறவர்கள் சொல்லுகிற ஒரு வார்த்தையை மாத்திரம் பரிசீலனை செய்யலாமென்று வந்திருக்கிறேன். அது என்னவென்றால், மனிதன் முதலில் பைபிளை விசுவாசிக்க வேண்டும், விசுவாசித்துவிட்டால் அவன் புது மனிதனாகி விடுவான், ஜாதி, குடி, சூது முதலிய மற்ற ஆபாசங்களெல்லாம் தாமாகவே ஒழிந்துபோகும் என்பதாகும். இது நிஜமா என்று பார்க்க எருசலேமுக்குப் போக வேண்டியதில்லை. தரங்கம்பாடிக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏறினால் போதும்.

1706-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சீகன்பால்கு, புளூச்சோ என்ற இரண்டு ஜெர்மனிக்காரர்கள், டென்மார்க்கு ராஜா அனுப்பி, தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு நம்முடைய பாஷையைப் படித்தார். பள்ளிக்கூடம் வைத்தார். அச்சு யந்திரம் வரவழைத்தார். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்தது. அவருடைய சொந்தக் கட்சிக்காரனாயிருக்க வேண்டிய டேனிஷ் கவர்னரே அவரைப் பிடித்து நாலு மாதம் காவலில் வைத்தான். 36 வயதில் செத்தும் போனார். சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டாலே பாவம் என்று நம்மவர்களுக்குச் சொல்லி வைத்திருந்த ஊரிலே, ஒருவன் தன் வேதத்தை அச்சுப்போட்டு, "இந்தா, நீயே படித்துப் பார்" என்று யார் கையில் வேண்டுமானாலும் கொடுத்தானென்றால் அது சாமானியமான காரியமா? இதை ஒப்புக்கொள்ளாதவன் பகுத்தறிவுக்காரன் ஆகமாட்டான்.

ஆனால் அந்தப் புஸ்தகத்தை வாங்கிப் படித்தவன் கதி என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா?

ராஜநாயக்கன் என்று ஒருவர். தஞ்சாவூர் ராஜாவின் பட்டாளத்தில் சேவகத்திலிருந்தவர். பிறப்பினால் ஆதிதிராவிடர். ரோமன் கத்தோலிக்கராயிருந்த அவர் கையில் தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புஸ்தகம் கிடைத்தது. படித்தார், நம்பினார், உத்தியோகத்தை விட்டுவிட்டு உபதேசியாரானார். வெளிநாட்டுப் பாதிரிகள் தாராளமாய் நுழைய முடியாதிருந்த தஞ்சைச் சீமையில் ஊர் ஊராய் அலைந்து சபைகளை உண்டாக்கினார். அடி உதைகளையும் வாங்கினார். பிறகு நம்மவர்களில் ஒருவரைக் குருவாக்குவது என்று பாதிரிகள் யோசித்தபோது யாருக்குப் பட்டம் கொடுத்தார்கள்? 1733-ல் வேளாளரான ஆரோன் என்பவருக்கு. 1741-ல் மறுபடியும் ஒருவரை எடுக்க வேண்டி வந்தபோது தியோகு என்பவருக்கு. ராஜநாயக்கன் கடைசிவரையில் உபதேசியார்தான். ஏன்? விசுவாசம் போதவில்லையா? படிப்பு போதவில்லையா? அதொன்றுமில்லை. அவர் கையால் கொடுக்கிற அப்பத்தையும் ரசத்தையும் ஜாதிக் கிறிஸ்தவர்கள் வாங்கமாட்டார்களே என்று பாதிரிகள் தயங்கினார்கள். புது மனிதராகிவிட்டதாகச் சொல்லப்பட்டவர்களுடைய யோக்கியதை இது. கிறிஸ்துவின் சரீரம் என்று எதை நம்பினார்களோ அதிலேயே இவர்களுக்குத் தீட்டு இருந்தது.

இனி தஞ்சாவூருக்கு வருவோம். சுவார்ச்சு பாதிரியார் பேரைக் கேளாதவர்கள் தஞ்சையில் இருக்கமாட்டார்கள். சிவகங்கைத் தோட்டத்தருகில் 1779-ல் அவர் கட்டிய கோவில் இன்றும் நிற்கிறது. சரபோஜி ராஜாவுக்கு இளமையில் காப்பாளராயிருந்தவர் அவர். 1798-ல் அவர் இறந்தபின் ராஜா சீமையிலிருந்து சலவைக்கல் சிலை வரவழைத்து அந்தக் கோவிலில் வைத்தார். ஆனால் ராஜா கிறிஸ்தவராகவில்லை. அது கிடக்கட்டும்.

அந்தச் சுவார்ச்சு வளர்த்த இன்னொரு பிள்ளைதான் வேதநாயக சாஸ்திரியார். (நாவல் எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு.) 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, 1864-ல் 90-வது வயதில் தஞ்சையில் இறந்தவர். மகா கெட்டிக்காரர். "பெத்லகேம் குறவஞ்சி" பாடியவர். அதிலே பூமியும் கிரகங்களும் சூரியனைச் சுற்றுகிற கோப்பர்னிக்கசின் வானசாஸ்திரத்தையே தமிழ்ப் பாட்டாகப் பாடி வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ராகு கேது விழுங்குகிறதாக நம் பஞ்சாங்கக்காரன் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலே இது பெரிய காரியம். ஆனால் யோசுவா கட்டளையிட்டதும் சூரியன் நடுவானத்தில் நின்றதாகத் தம்முடைய புஸ்தகத்திலேயே எழுதியிருக்கிறதே, அதை இந்த வானசாஸ்திரத்தோடு எப்படிப் பொருத்துவது? அங்கே விசுவாசம் வந்துவிடும். அடுத்த வீட்டுப் புராணத்துக்கு ஒரு தராசு, தன் வீட்டுப் புராணத்துக்கு வேறொரு தராசு. இன்றும் ஒலிபெருக்கியும் செல்போனும் வைத்துக்கொண்டு, முடவன் நடந்தான், குருடன் பார்த்தான் என்று ராத்திரி முழுவதும் விளம்பரம் செய்கிறவர்கள் விஞ்ஞானத்தை உபயோகிக்கிற முறை இதுதான்.

சாஸ்திரியாரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. பெருவுடையார் பேரில் ஒரு குறவஞ்சி பாடும்படி சரபோஜி ராஜாவே கேட்டபோது முடியாதென்று சொல்லிவிட்டாராம். கிறிஸ்தவர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் சோறு போடுகிற ராஜாவிடம் முடியாதென்று சொன்ன அந்த மனிதர் ஜாதி விஷயத்தில் என்ன செய்தார்?

1820-களில் தஞ்சைக்குப் புதிதாக வந்த பாதிரிகள் சில மாறுதல்களைக் கொண்டுவந்தார்கள். பபிரிசியுசின் பழைய பைபிள் மொழிபெயர்ப்பைத் திருத்துவது, கோவிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்துவது, பண்டிகைக்கும் கலியாணத்துக்கும் பூ வைக்கக் கூடாதென்பது, இராப்போஜனத்தில் எல்லா ஜாதியாரையும் கலந்து வைப்பது. இந்த நாலையும் நாலு கொடுமைகள் என்று சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்த வேளாளக் கிறிஸ்தவர்களும் 1829-ல் கண்டித்து எழுதினார்கள். முதல் மூன்றில் நான் சாஸ்திரியார் கட்சி. தமிழன் தமிழில் பாடினால் சாமிக்குக் காது குத்துமா? பூ வைத்துக்கொண்டால் மோட்சம் கெட்டுப் போகுமா? வெள்ளைக்காரன் தன் தேசத்து வழக்கத்தையே மதம் என்று நம் தலையில் கட்டப் பார்த்ததை அவர் எதிர்த்தது ரொம்ப சரி. ஆனால் அதே மூச்சில், ஆதிதிராவிடரோடு ஒன்றாய்ப் பந்தியில் சேருவதும் கொடுமைதான் என்றாரே, இதை என்னவென்று சொல்வது? கோவிலுக்குள் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஜாதி என்பது உலக ஆசாரம், அதற்கும் ஆத்துமாவுக்கும் சம்பந்தமில்லை என்பது அவர்களுடைய வாதம். மிஷன் உத்தியோகம் போயிற்று. கிறிஸ்தவரல்லாத ராஜாதான் அவரை ஆதரித்தார்.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டும், பந்தியில் முன் பின் கூடாது என்று கண்டிப்பாய் உத்தரவு போட்டார். அதே வருஷத்தில்தான் இங்கிலாந்துப் பார்லிமெண்டு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. வில்சன் அதற்குப் பாடுபட்ட கூட்டத்தோடு சேர்ந்தவர். அவர் செய்தது நியாயமென்றே நான் சொல்லுவேன். பலன் என்ன? ஜாதிக் கிறிஸ்தவர்கள் ஏராளமான பேர் தஞ்சையில் கோவிலைவிட்டு வெளியேறினார்கள். 1835-ல் பிஷப்பே நேரில் வந்து புத்தி சொல்லியும் காரியம் முடியவில்லை. பிறகு 1840 முதல் தரங்கம்பாடிக்கு வேறு ஜெர்மன் மிஷன்காரர்கள், பின்னால் லீப்சிக் மிஷன் என்று பேர் பெற்றவர்கள், வந்தார்கள். ஜாதியைப் பலவந்தமாய் ஒழிக்கக் கூடாது, அது உலக விவகாரம் என்பது அவர்கள் கொள்கை. வெளியேறியவர்களில் பலருக்கு அங்கே இடம் கிடைத்தது.

தோழர்களே! இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வில்சன் கையிலிருந்ததும் பைபிள். லீப்சிக் பாதிரி கையிலிருந்ததும் பைபிள். சாஸ்திரியாருக்கோ அது மனப்பாடம். யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பேதமில்லை என்று பவுல் எழுதியதை ஒருவர் எடுத்துக்கொண்டார். அடிமைகள் எஜமானுக்குப் பயந்து கீழ்ப்படிய வேண்டுமென்று அதே பவுல் எழுதியதும் அதே புஸ்தகத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை வைத்திருப்பவனை மிஷனரியாக அனுப்பலாமா என்று சண்டை வந்து, அனுப்பலாம் என்ற தெற்கத்திக்காரர்கள் 1845-ல் தனியாகப் பாப்டிஸ்டு சபை அமைத்தார்கள். அது தப்பு என்று மன்னிப்புக் கேட்க அந்தச் சபைக்கு 1995 வரையில், அதாவது 150 வருஷம் வேண்டியிருந்தது. இடையில் பைபிளில் ஓர் எழுத்தாவது மாறிற்றா? மனிதன் மாறினான், புஸ்தகத்துக்கு அர்த்தமும் மாறிற்று. அப்படியிருக்க, புஸ்தகம் மனிதனை மாற்றிற்று என்று சொல்வது வண்டி மாட்டை இழுத்தது என்பது போலத்தானே!

ஜாதி ஏன் போகவில்லை? வேளாளக் கிறிஸ்தவனுக்குப் பெண் கொடுக்கல் வாங்கல் வேளாளரோடு. நிலம் அவன் பாட்டன் நிலம். ஆதிதிராவிடக் கிறிஸ்தவன் ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் பிள்ளை. திங்கட்கிழமை காலையில் மிராசுதாரின் பண்ணையாள். நாற்றங்காலில் இறங்குகிறவனுக்கு ஞானஸ்நானம் முழங்காலுக்குக் கீழே எட்டவில்லை. இன்றைக்கும் பத்திரிகையில் வருகிற கலியாண விளம்பரங்களைப் பாருங்கள்: கிறிஸ்தவ வேளாளர், கிறிஸ்தவ நாடார் என்று ஜாதி போட்டு வருகிறதா இல்லையா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையிலே செத்த பிணத்துக்கும் ஜாதி பார்த்துக் குறுக்கே சுவர் எழுப்பியிருந்த கதை ஊரறிந்தது.

1861-ல் நாகப்பட்டணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. சாஸ்திரியார் அப்போது உயிரோடிருந்தார். கோவிலில் கலந்து உட்காராதவர்களெல்லாம் மூன்றாம் வகுப்பு வண்டியில் யார் பக்கத்தில் யார் என்று கேட்காமல் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. ரயிலுக்கு வேதம் ஏது?

இதைக் கேட்டுச் சிரிக்கிற தோழர்களே, உங்களையும் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் சேரித் தோழர் உள்ளே வந்து உட்கார்ந்து உண்டிருக்கிறார்? நம் ஊர்ப் பந்தி சரியாகாத வரையில் கிறிஸ்தவன் பந்தியைக் கேலி செய்ய நமக்கு யோக்கியதை குறைவுதான்.

இங்கு இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்று, "சேரிக்காரன் கிறிஸ்தவனாகப் போனால் நீ தடுப்பாயா?" என்பது. தடுக்கமாட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தால் எழுத்து அறிந்தவர்கள் எத்தனையோ பேர். தன்னை மனிதனாக மதிக்காத வீட்டைவிட்டு ஒருவன் வெளியேறினால், முதலில் வெட்கப்பட வேண்டியவன் அந்த வீட்டுக்காரன். ஆனால் போகிறவன், "எனக்கு உன் பந்தியில் எந்த இடம்? கல்லறையில் எந்த இடம்? ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே சொல்" என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.

மற்றொன்று, "மதம் மாறினால் சர்க்கார் சலுகை போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறார். 1950-ம் வருஷத்து உத்தரவுப்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியல் இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தார்கள். 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் வருகிறார். அவர்களையும் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று தமிழ்நாடு சட்டசபை 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டு மத்திய சர்க்காரைக் கேட்டது. கிறிஸ்தவத்தில் ஜாதி இல்லையே, சலுகை எதற்கு என்று எதிர்க்கிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களை ஒரு நாள் நம்முடைய ஜில்லாவிலுள்ள கல்லறைகளைச் சுற்றிப் பார்க்க அழைத்து வாருங்கள். பஸ் சார்ஜை நாமே கொடுத்துவிடலாம்.