உடற்பயிற்சி: ஜிம்மா, வீடா, வெளியிலா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்னைக்கு உடம்பைப் பத்திப் பேசலாம். உடம்பு படுத்துவிட்டால் வாங்கின கடனை யார் கட்டுவது?

குழுக்களுக்குப் போகும்போது இரண்டு கேள்விகள் வருது. டவுன் பக்கம் இருக்கிற தங்கச்சிகள், "ஜிம்முல சேரலாமா, வீட்டுலயே செய்யலாமா, ரோட்டுல நடந்தா போதுமா?" என்று கேட்கிறாங்க. எஸ்டேட்டில் இருக்கிற அக்காமார், "நாள் பூரா மேடு பள்ளம் ஏறி கொழுந்து பறிக்கிறோம். எங்களுக்கு எதுக்கு உடற்பயிற்சி?" என்று கேட்கிறாங்க. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்றேன்.

கொழுந்து பறிப்பது கடுமையான உழைப்பு. யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த உழைப்பில் ஒரே கை, ஒரே தோள், ஒரே இடுப்பு மணிக்கணக்கா வேலை செய்யுது. முதுகில் பாரம் வேற. எப்போ நிறுத்தணும், எவ்வளவு தூக்கணும் என்பதும் நம்ம கையில் இல்லை. உடற்பயிற்சி அப்படி இல்லை. எந்தத் தசைக்கு பலம் வேணுமோ அதுக்கு நாமே பார்த்துக் கொடுக்கிறோம். போதும் என்றால் நிறுத்திக்கொள்கிறோம். அதனால் தோட்டத்து அக்காமாருக்கு இன்னும் ஒரு மணி நேரம் நடை தேவையில்லை. கழுத்தையும் முதுகையும் நீட்டி மடக்கி, தொடைக்கு பலம் கொடுக்கும் பயிற்சி பத்து நிமிஷம் போதும். தையல் மெஷினில், கடையில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும், வேலையில் இருந்து நின்றுவிட்டவர்களுக்கும்தான் நடை ரொம்ப அவசியம்.

ஏன் அவசியம் என்றால், 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் சுமார் 35 பேருக்கு இரத்தக் கொதிப்பும், 11 பேருக்கு சர்க்கரையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மூச்சு கொஞ்சம் வாங்கும்படியான நடை அல்லது வேலை, அதோடு வாரம் 2 நாள் தசைக்கு பலம் தரும் பயிற்சி. ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. பத்து பத்து நிமிஷமாகச் செய்தாலும் கணக்கில் சேரும், நம்ம சேமிப்பு மாதிரி.

இப்போ மூன்று இடங்களையும் பார்ப்போம்.

முதலில் ஜிம். அங்கே எடை தூக்கும் கருவி உண்டு, சொல்லித்தர ஆள் உண்டு, மழை பெய்தாலும் நிற்காது. ஆனால் மாதக் கட்டணம் உண்டு. மலைப் பகுதி சாதாரண பஸ்ஸிலும் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2024-ல் விரிவாக்கப்பட்டது. சரி, டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் என்றே வையுங்க. போக வர ஆகும் நேரம்? ஊட்டியிலோ குன்னூரிலோ ஜிம் பக்கத்தில் வீடு இருந்து, நேரமும் காசும் இருந்தால் தாராளமாகப் போங்க. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீங்க. ஒரு மாதம் போய்ப் பாருங்க. பெண்களுக்குத் தனி நேரம் இருக்கா, சொல்லித்தருபவர் பயிற்சி பெற்றவரா என்று விசாரிங்க. இதுக்காகக் குழுவில் கடன் வாங்க வேண்டாம்.

இரண்டாவது வீடு. செலவு இல்லை, மழைக்கும் பனிக்கும் பயமில்லை. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ எடை. இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கி இறக்கலாம். ஆடாத நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கு பலம். நம்ம ஊரில் ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்காலில் பாரம் விழும். தொடை பலமாக இருந்தால் முழங்காலுக்கு அந்தப் பாரம் குறையும். சுவரில் கை வைத்துத் தள்ளுவது தோளுக்கு, குதிகால் தூக்கி நிற்பது கெண்டைக்காலுக்கு. ஒரு எச்சரிக்கை: குளிருக்காகக் கரி அடுப்பை வைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்திய அறையில் பயிற்சி செய்யாதீங்க, தூங்கவும் செய்யாதீங்க. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, உயிரையே எடுத்துவிடும்.

மூன்றாவது வெளி. 2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. எட்டு கிலோமீட்டரா என்று மலைக்க வேண்டாம், அரை மணி நேரத்தில் தொடங்குங்க. பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். ஆனால் சமவெளி ஊர்க்காரங்க மாதிரி விடியற்காலை நாலரைக்குத் தனியாகக் கிளம்பக்கூடாது. கூடலூர் பக்கம் யானை, கோத்தகிரி, குன்னூர் பக்கம் காட்டெருமையும் கரடியும். இருட்டிலும் பனிமூட்டத்திலும் கிட்டே போகும்வரை தெரியாது. வெளிச்சம் வந்த பிறகு, நாலு பேராக, பேசிக்கொண்டே நடங்க. தேயிலைச் செடி நடுவே குறுக்கு வழி வேண்டாம். வழுக்காத செருப்போ ஷூவோ போடுங்க.

இடத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கு. ஆம்பளைங்க சாயங்காலம் பந்து விளையாடப் போனா யாரும் ஒண்ணும் கேட்கிறதில்லை. நாம அரை மணி நேரம் நடந்தா, "வீட்டுல வேலை இல்லையா?" என்று கேட்கிறாங்க. லைன் வீட்டு வாசலில் கையைத் தூக்கி இறக்கினாலே சிரிப்பாங்க. இந்தக் கூச்சத்தில்தான் பல பேர் விட்டுடறாங்க. தனி ஆளைப் பார்த்துச் சிரிக்கலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்தால் சிரிப்பவரும் வந்து சேர்ந்துகொள்வார். ஜப்பானில் 1928-ல் வானொலியில் உடற்பயிற்சி நிகழ்ச்சி தொடங்கினாங்க. இன்றைக்கும் பூங்காவிலும் தொழிற்சாலையிலும் வயசானவங்க முதல் பிள்ளைகள் வரை சேர்ந்து செய்றாங்க. கருவி ஒன்றும் இல்லை, கூட்டம்தான் அவங்களுக்கு பலம்.

ஆகவே என் யோசனை: தினமும் பத்து நிமிஷம் வீட்டில், வாரம் மூன்று நாள் குழுவாக வெளியில். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நடையை விட்டுவிடலாம். வாரக் கூட்டத்தில் பணம் எண்ணுவதற்கு முன் எல்லோரும் எழுந்து ஐந்து நிமிஷம் பயிற்சி செய்யலாம். வருகைப் பதிவேட்டில் "நடை" என்று ஒரு கட்டம் போடுங்க.

தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்க. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வீடாகப் போய் இதைப் பார்த்த சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களில் இருந்து வந்த பெண்கள்தான். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம்; மடியில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். கர்ப்பிணிகளும், ஆபரேஷன் ஆனவர்களும், இரத்தசோகை உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்க. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் எத்தனை பேர், எத்தனை நாள் என்று கணக்கு கொண்டு வாங்க. சேமிப்புக் கணக்கை வாசிப்பது போலவே அதையும் வாசிப்போம்.