எலிங்டனின் இசைக்குழுவும் தலைமைப் பண்பும்



1963ஆம் ஆண்டில், அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறை அனுப்பிய ஜாஸ் இசைக்குழு ஒன்று நம் நாட்டிற்கு வந்தது. அதன் தலைவர் டியூக் எலிங்டன். டில்லிக்கு வந்த இடத்தில் அவர் நோயுற்று, மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. தலைவர் படுக்கையில் இருக்க, குழுவினரோ ஊர் ஊராகச் சென்று வாசிக்க வேண்டியவர்கள். எனினும் பயணம் நின்றுவிடவில்லை. பல்லாண்டுகள் அவருடன் சேர்ந்து இசை அமைத்து வந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் பியானோவின் முன் அமர்ந்தார். இசை தொடர்ந்தது.

தலைவர் இல்லாதபோதும் ஒரு குழு தன் குரலை இழவாது இயங்கிற்று என்றால், அத்தலைமையின் இயல்பு யாது? அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

ஜாஸ் என்பது, அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களிடையே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி உருப்பெற்ற இசை. மெட்டும் தாளமும் சுரக்கூட்டுகளின் வரிசையும் முன்னரே முடிவாகியிருக்கும். அந்த எல்லைக்குள், தத்தம் முறை வரும்போது ஒவ்வொருவரும் தம் கற்பனையை விரித்து வாசிப்பர். நிரவலும் கற்பனைச் சுரமும் கேட்டுப் பழகிய நம் செவிக்கு இந்த மனோதர்மம் முற்றிலும் புதியதன்று. ஒருவர் முன்னின்று வாசிக்குங்கால் மற்றவர் அவரைத் தாங்குவர், அடுத்த சுற்றிலே, தாங்கியவர் முன்வருவார், முன்னின்றவர் தாங்குவார்.

இத்தகைய இசையில் தலைவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். எலிங்டனின் வாழ்க்கையே அதற்கு விடை எனலாம். 1899இல் வாஷிங்டன் நகரில் பிறந்த அவர், 1974இல் மறையும் வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒரு பெருங்குழுவை நடத்தினார். இசைக்குறிப்பு எழுதும்போது, ‘முதல் டிரம்பெட்’, ‘இரண்டாம் டிரம்பெட்’ என்று வாத்தியத்தைக் குறித்து எழுதாமல், அதை வாசிக்கப்போகிறவரின் பெயரையே ஏட்டின் தலைப்பில் குறிப்பது அவர் வழக்கம். டிரம்பெட்டின் வாயை அடைப்பானால் மூடியும் திறந்தும், மனிதர் உறுமுவது போன்ற ஒலியை எழுப்ப வல்லவர் கூட்டி வில்லியம்ஸ். அவருடைய அந்தத் தனித்திறனை மனத்தில் கொண்டே, 1940இல் அவர் பெயரால் ஒரு படைப்பை எலிங்டன் இயற்றினார். வேலைக்கு ஆளைத் தேடுவோர் பலர். ஆளை அறிந்து அவருக்கேற்ற வேலையைப் படைப்போர் சிலரே.

அதே ஆண்டில் வில்லியம்ஸ் வேறொரு குழுவிற்குச் செல்ல விரும்பினார். எலிங்டன் தடுக்கவில்லை, அந்த ஏற்பாட்டிற்குத் தாமே உதவினார். 22 ஆண்டுகள் கழித்து, 1962இல், வில்லியம்ஸ் மீண்டும் பழைய குழுவிற்கே வந்து சேர்ந்தார். கதவைச் சாத்தாத வீட்டிற்கன்றோ பிரிந்தவர் திரும்பி வருவர்! ஹாரி கார்னி என்ற சாக்ஸபோன் கலைஞரோ, 1927இல் 17 வயது இளைஞராகச் சேர்ந்தவர், தலைவர் மறையும் வரை பிரியவேயில்லை.

1956ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூபோர்ட் இசைவிழாவில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. அக்காலத்தில் எலிங்டன் குழுவின் செல்வாக்கு மங்கியிருந்தது. 1937இல் இயற்றிய ஒரு படைப்பின் இரு பகுதிகளுக்கும் இடையே, பால் கொன்சால்வஸ் என்ற சாக்ஸபோன் கலைஞருக்குத் தனியாக வாசிக்க இடம் தரப்பட்டது. அவர் தொடர்ந்து 27 சுற்றுகள் வாசித்தார். அவையோர் எழுந்து ஆடத் தொடங்கினர். எலிங்டன் குறுக்கிடவில்லை; குரல் கொடுத்து ஊக்கினார். அன்றிரவு கொன்சால்வஸ் பெற்ற கைதட்டல், குழு முழுவதற்கும் புதுவாழ்வு தந்தது.

இனி ஸ்ட்ரேஹார்னைக் காண்போம். 1938இல், 23 வயதில், எலிங்டனை முதன்முதல் சந்தித்தவர் அவர். 1941இல், உரிமைத்தொகை பற்றிய பிணக்கினால், எலிங்டனின் சொந்தப் பாடல்களை அமெரிக்க வானொலியில் ஒலிபரப்ப இயலாமற் போயிற்று. அப்போது ஸ்ட்ரேஹார்ன் இயற்றிய ‘டேக் தி ஏ டிரெயின்’ என்னும் பாடல் முன்வந்து, குழுவின் முகப்பிசையாகவே நிலைத்தது. இளையவர் ஒருவரின் படைப்பைத் தம் புகழின் வாயிலில் வைக்க அந்தத் தலைவர் தயங்கவில்லை.

ஆயினும் ஒரு குறையையும் மறைத்தல் கூடாது. இருவரும் சேர்ந்து ஆக்கிய பலவற்றில் ஸ்ட்ரேஹார்னின் பங்கு இவ்வளவென்று உலகம் நெடுங்காலம் அறியவில்லை. எலிங்டனின் பெயர் என்ற பெருநிழலில் அவர் பெயர் மங்கியிருந்தது. வேலையைப் பகிர்ந்தளித்தல் எளிது. பெயரைப் பகிர்ந்தளித்தலே அரிது. பெரியோரும் இடறிய இடம் அது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. பிறந்த ஊரை விட்டு வந்த இடத்தில் நாம் சங்கம் அமைக்கிறோம், நூலகம் நடத்துகிறோம், விழா எடுக்கிறோம். அன்பர் ஒருவரே கணக்கெழுதி, அழைப்பிதழ் அச்சிட்டு, மேடையும் கட்டுகிறார். அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டால், நூலகத்தின் பூட்டைத் திறக்க ஆளிராது. அவர் உழைப்பைக் குறை கூறுகிறோமல்லோம். அவர் அருகில் இருந்த இளைஞர்க்கு ஒரு சுற்றேனும் தனியே வாசிக்க இடம் கிடைத்ததா என்றே கேட்கிறோம்.

அந்த 1963ஆம் ஆண்டுப் பயணத்தில், டில்லியில் ஒரு மைனாவின் குரலை ஸ்ட்ரேஹார்ன் செவிமடுத்தார். அதனை ஓர் இசைப்படைப்பாக்கினார். 1966இல் எலிங்டன் குழு அதனை ஒலிப்பதிவு செய்தது. அதில் அந்த மைனாவாகக் கூவுவது ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட். குழு முழுவதும் அந்தச் சிறு குரலுக்கு இடம் விட்டு வாசிக்கிறது. வாய்ப்பு நேருங்கால் கேட்டுப் பாருங்கள். நாம் இதுவரை கூறியதனைத்தையும் அந்தச் சில நிமிட இசை இன்னும் தெளிவாகக் கூறும்.