கணக்கும் ஓர் அமானத்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற மாணவர் வழிகாட்டி அமர்வில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன்னர் நமது பொருளாளர் அவர்கள் ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். சந்தா, கடை வாடகை, மின்கட்டணம் என்று ஒவ்வொன்றாக அவர்கள் படிக்கையில் நம்மில் பலர் எப்போது முடியும் என்று காத்திருந்தோம். ஆனால் அதில் ஒரு தொகை விடுபட்டிருந்தால் உடனே எழுந்து கேட்டிருப்போம். கணக்கின் இயல்பு அதுவே. சரியாக இருக்கும்போது எவர் கண்ணிலும் படுவதில்லை. பிழைத்துவிட்டால் ஊரே பேசும். அத்தகைய கணக்கையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளும் வழிகளைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சில செய்திகளைச் சொல்ல விழைகிறோம்.

மார்க்கம் காட்டும் மதிப்பு

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்று சொல்லிவிடுவார்கள். அது பேசும் பொருளைச் சிந்திக்க வேண்டும். தவணைக் கடனை எழுதி வைக்குமாறும், எழுதுபவர் நீதியுடன் எழுதுமாறும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் சோர்வடையாமல் பதிவு செய்யுமாறும் அது ஏவுகிறது. எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யலாகாது என்றும் காவல் அளிக்கிறது.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தமது தகுதிகளாக இரண்டைக் கூறினார்கள். ஒன்று, பேணிக் காக்கும் தன்மை. மற்றொன்று, அத்துறை பற்றிய அறிவு. நேர்மை மட்டும் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. அறிவு மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை.

ஸகாத் வசூலித்துத் திரும்பிய அலுவலர் ஒருவர், இது பொது நிதிக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. அவர் தம் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்டார்கள். இன்றைய தணிக்கையாளர் கேட்கும் கேள்வியும் இதுவே.

நாம் செய்த ஒரு பிழை

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், பிளஸ் டூவில் வணிகவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு மாணவர் நம்மிடம் வந்து, "ஹஸ்ரத், சி.ஏ. படிக்கலாமா?" என்று கேட்டார். அது என்ன படிப்பு என்று நாம் விசாரிக்கவில்லை. "வட்டிக் கணக்கு எழுதுகிற வேலையாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டோம். அவரும் அத்துடன் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, வெளிநாட்டில் ஒரு கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். விடுமுறையில் வந்தபோது தம் கடையின் கணக்கை எழுதுபவர் தம் வயதே உடையவர் என்றும், தாம் படிக்க எண்ணியதையே அவர் படித்திருக்கிறார் என்றும் சொன்னார். அவர் நம்மைக் குறை கூறவில்லை. ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. தெரியாத ஒன்றில் தெரிந்தவரைப் போல் தீர்ப்புச் சொன்னோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

வட்டி பற்றிய எச்சரிக்கை மெய்யானது. வட்டியை வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சியாளர்கள் ஆகியோர் பாவத்தில் சமம் என்று ஹதீஸ் கூறுகிறது. அதில் எவரும் தளர்வு காட்ட இயலாது. ஆனால் கணக்குத் தொழில் முழுவதும் வட்டி எழுதும் தொழில் அன்று. தோட்டத்தின் கூலிக் கணக்கு, ஆலையின் உற்பத்திச் செலவு, கடையின் சரக்கிருப்பு, அரசுக்குச் செலுத்த வேண்டிய வரி, பொது நிறுவனத்தின் தணிக்கை ஆகியவை எல்லாம் கணக்கே. ஹலாலான தொழில் நடத்தும் நிறுவனத்தின் ஏட்டில் எங்கோ ஒரு வரியில் வங்கி வட்டி வந்தால் என்ன செய்வது என்பதை ஆலிம்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். எனவே வேலையின் தன்மையை முழுமையாக விளக்கி, தக்க ஆலிம்களிடம் கேட்டுச் சேருங்கள். கேளாமலே கதவை மூடிவிடாதீர்கள். கேளாமலே உள்ளே நுழைந்தும் விடாதீர்கள். வட்டியற்ற நிதி நிறுவனங்களுக்கென்று கணக்கு, தணிக்கை நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பு ஒன்று 1991 முதல் பஹ்ரைனில் இயங்கி வருகிறது. ஷரீஅத் தணிக்கை என்பது இன்று தனித்ததொரு துறையாகும்.

நம் மலைக்குப் புதிதன்று

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இச்சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். தோட்டம் வந்ததும் கணக்குப்பிள்ளையும் வந்துவிட்டார். ஆள்வரவைப் பதிவது, பறித்த பழத்தை எடை போட்டுக் குறிப்பது, வாரக் கூலியைப் பிரித்து வழங்குவது யாவும் அவர் பொறுப்பு. அவர் ஓர் எண்ணை மாற்றி எழுதினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியாது. பட்டமும் சான்றிதழும் இன்றியே அந்த அமானத்தைக் காத்தவர்கள் இம்மலையில் இருந்தனர். அவர்கள் கையில் தொழில் இருந்தது. உயர்வதற்கான ஏணி மட்டும் இல்லை.

இன்று ஏணி இருக்கிறது. நம் காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 7பி என்னும் விதி ஒரு கணக்கை வகுத்தது. பயிரிட்டவரே காப்பியைப் பதப்படுத்தி விற்றால் வருமானத்தில் 25 விழுக்காடும், வறுத்து அரைத்து விற்றால் 40 விழுக்காடும் வரிக்குரிய வியாபார வருமானம்; எஞ்சியது விவசாய வருமானம் என்பதே அது. காப்பிச் செடியின் நிழலில் வளர்ந்த பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும். நகரத்து மாணவருக்கு முதலில் காப்பிப் பழத்தையே விளக்க வேண்டும்.

திறந்திருக்கும் வழிகள்

முதல் வழி, குறுகிய காலத்தில் வேலைக்குச் செல்வது. பி.காம். படிப்புடன் டேலி, ஜி.எஸ்.டி. பயிற்சி பெற்றவருக்குத் தோட்டம், விடுதி, மொத்தக் கடை, ஆடிட்டர் அலுவலகம் ஆகிய இடங்களில் பணி உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் சிறு வியாபாரிக்கும் கணக்கர் தேவைப்படுகிறார். அரசுத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் கணக்கியல் தேர்வும், கூட்டுறவுப் பட்டயப் பயிற்சியும் இவ்வழியில் துணை செய்யும்.

இரண்டாவது, அரசுப் பணி. கருவூலக் கணக்குத் துறை, கூட்டுறவுத் தணிக்கைத் துறை, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆகியவை மாநில அரசில் உள்ளன. தமிழகத்தில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு உள்ள 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை நாம் மறக்கலாகாது. மத்தியில் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வு வழியாகத் தணிக்கை, கணக்குத் துறைக்குச் செல்லலாம்.

மூன்றாவது, உயர் தகுதிகள். பட்டயக் கணக்காளர் எனும் சி.ஏ., செலவுக் கணக்காளர் எனும் சி.எம்.ஏ., கம்பெனிச் செயலர் எனும் சி.எஸ். ஆகிய மூன்றும் நாடாளுமன்றச் சட்டங்களால் அமைந்தவை. சி.ஏ. நிறுவனம் 1949 ஜூலை 1 அன்று தோன்றியது. 2023இல் வந்த புதிய திட்டத்தின்படி பிளஸ் டூ முடித்தவர் நான்கு தாள்கள் கொண்ட ஃபவுண்டேஷன் தேர்வை எழுத வேண்டும். அடுத்து ஆறு தாள்கள் கொண்ட இன்டர்மீடியட், பின்னர் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டுப் பயிற்சி, இறுதியில் ஆறு தாள்கள் கொண்ட ஃபைனல். ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண்ணும், மொத்தத்தில் 50 விழுக்காடும் தேவை. வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடும், பிற பட்டதாரி 60 விழுக்காடும் பெற்றிருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். பெருந்தொகை நன்கொடை கேட்கும் கல்லூரி இதற்குத் தேவையில்லை. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. மலையிறங்கிச் சேலம் சென்றால் அந்நிறுவனத்தின் கிளையே இருக்கிறது.

கடினமான படிப்பு என்பதையும் மறைக்கலாகாது. ஒரே முயற்சியில் தேறுவோர் குறைவு. ஒரு முறை தவறினால் பெற்றோர், "போதும், கடைக்கு வா" என்று அழைத்துவிடுகிறோம். பிள்ளைகள் தோற்பது பாடத்தினால் மட்டுமன்று, நமது பொறுமையின்மையாலும்தான்.

வளைகுடாவிலும் காலம் மாறிவிட்டது. அமீரகமும் சவூதி அரேபியாவும் 2018 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரியைக் கொண்டுவந்தன. அமீரகம் 2023 ஜூன் முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 9 விழுக்காடு கம்பெனி வரியையும் விதித்தது. வரி வந்த இடத்தில் கணக்கருக்கு மதிப்பு உயரும். செல்வதானால் தகுதியுடன் செல்லுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு சொல்

இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், உடற்குறையும் உடையவர். 1933இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்றார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு செய்ய இயலாது என்ற தடை குறுக்கே நின்றது. முறையிட்டுப் போராடி வென்று, 1937இல் தனியே தொழில் தொடங்கினார். பின்னாளில் சி.ஏ. நிறுவனத்தின் தென்னிந்திய மன்றத்திற்கே தலைமை வகித்தார். இணையம் வழியே வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுத இயலும் இக்காலத்தில், மலைமேல் இருக்கிறோம் என்பது நம் பெண்மக்களுக்குத் தடையாகலாமா?

ஜமாஅத்திடம் மூன்று வேண்டுகோள்

முதலாவது, ஆண்டுதோறும் வணிகவியல் பயிலும் இரு மாணவரையேனும் தேர்ந்து, பொருளாளர் மேற்பார்வையில் பள்ளிவாசல் கணக்கை எழுதப் பழக்குங்கள். வக்ஃபின் கணக்கை ஒழுங்காக எழுதி ஆண்டுதோறும் சமர்ப்பிப்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம் முத்தவல்லியின் மீது சுமத்திய கடமை. பிள்ளைகளுக்கு அது முதற்பாடமாகட்டும்.

இரண்டாவது, தேர்வுக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். ஒரு முறை தவறியவருக்கு இரண்டாம் முறையும் கொடுங்கள்.

மூன்றாவது, நம்மைப் போன்ற இமாம்களுக்கும் இத்துறை பற்றிச் சொல்லித்தர ஓர் ஆடிட்டரை அழைத்து வாருங்கள். கேட்க வரும் பிள்ளையை மறுமுறையும் ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிட நாம் விரும்பவில்லை.

மறுமையில் ஒவ்வொருவர் ஏடும் விரிக்கப்படும் என்று நம்புகிறவர்கள் நாம். அந்த நம்பிக்கையுடன் இவ்வுலகில் பிறர் ஏட்டை எழுதுபவர் எவரோ, அவரே சிறந்த கணக்கராவார். பேணுதலையும் அறிவையும் ஒருங்கே பெற்றவர்களாக நம் பிள்ளைகளை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.